பையைக் கொடுத்தாச்சு, ஃபீஸை யார் கட்டுவது?

வணக்கம். தாராவியில் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ரசீது, வவுச்சர், ஆடிட்டருக்குப் போன், இதுதான் என் வேலை. சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் தங்கள் லாபத்தில் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டிய பணம், அதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலியில் கூப்பிட்டதும் நமக்கென்ன தெரியும் என்று தயங்கினேன், அப்புறம்தான் தோன்றியது, அந்தப் பணம் வந்து இறங்குகிற வாசலில்தானே வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறோம்.

மார்ச் பிறந்தால் எங்கள் போன் ஓயாது. மற்ற மாதங்களில் நாம் கூப்பிட்டால் எடுக்காத கம்பெனிக்காரர்கள் எல்லாம், கணக்கு வருஷம் முடியப்போகிறதே என்று, "முப்பத்தொன்றாம் தேதிக்குள் பில் வேண்டும், ஏதாவது செய்யுங்கள்" என்பார்கள். ஒரு வருஷம் அப்படி வந்து இறங்கியது 300 புத்தகப் பை. ஜூனில் திறந்த பள்ளி முடியப்போகிற நேரத்தில் பை! அதே வருஷம் ஜூலையில் எங்கள் சந்தில் இட்லி வியாபாரம் செய்கிற அக்கா, மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்ததும் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் முதல் தவணை கட்டினார். அந்த ஃபீஸுக்கு உதவி கேட்டதற்கு, அந்த மாதிரிச் செலவுக்குத் தங்கள் திட்டத்தில் இடமில்லை என்றது ஒரு கம்பெனி.

இடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி முந்தைய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். ஆக இது பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிற தர்மம் இல்லை, நாமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தொடர் திட்டம் என்று ஒன்று விதியில் இருக்கிறது: ஆரம்பித்த வருஷம் போக இன்னும் மூன்று வருஷம் அதை நடத்தலாம். கூட்டிப் பாருங்கள், நான்கு. பி.எஸ்சி. நர்சிங்கும் நான்கு வருஷம்தான்! ஒரு பெண்ணை முதல் ஃபீஸிலிருந்து கடைசிப் பரீட்சை வரை தாங்கலாம். அந்த வருஷத்தில் செலவாகாமல் நிற்கிற தொகையை, வருஷம் முடிந்து 30 நாளுக்குள் தனிக்கணக்கில் போட்டு வைத்தால் போதும், மார்ச்சில் பை வாங்க ஓட வேண்டாம்.

சுகாதார ஊழியர்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2020 ஏப்ரலில் தாராவியில் முதல் கொரோனா நோயாளி தெரியவந்த பிறகு, இந்தக் குறுகலான சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் எங்கள் பகுதி ஆரோக்கிய சேவிகைகளும் உண்டு. அவர்களுக்கு என்று பிறகு ஒரு நிறுவனம் பிரஷர் பார்க்கும் மெஷின் கொடுத்தது, போட்டோவும் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் பாட்டரி தீர்ந்தது, கைப்பட்டை கிழிந்தது, மாற்ற யாரிடமும் காசில்லை. மெஷினைப் படம் பிடிக்கலாம், அதை வைத்துக்கொண்டு மாடி ஏறுகிறவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பதை எப்படிப் படம் பிடிப்பது?

சம்பளம் என்றதும் "அது நிர்வாகச் செலவு, 5 சதவீதத்துக்கு மேல் முடியாது" என்று ஒரு பதில் வரும். நானும் பல வருஷம் அதை நம்பித் தலையாட்டினேன். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்கிற பொதுச் செலவுக்கு. திட்டத்தில் நேரடியாக வேலை செய்கிற நர்ஸ், டீச்சர் சம்பளம் திட்டச் செலவு, அந்த வரம்புக்குள் வராது. (தன் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்வது சிஎஸ்ஆரில் சேராது, தனியார் ஆஸ்பத்திரிகள் தங்கள் நர்சுகளுக்குச் செய்ய வேண்டியதை இந்தக் கணக்கில் எழுத முடியாது.)

பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு சிஎஸ்ஆர் வரும் வரை காத்திருக்கவே வேண்டாம். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனம், அப்ரண்டிஸ் சட்டப்படி, ஆள்பலத்தில் இரண்டரையிலிருந்து 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும். ஒருநாள் திறன் முகாம் நடத்திச் சான்றிதழ் கொடுப்பதைவிட, அந்த இடங்களை ஒழுங்காக நிரப்பினாலே எங்கள் தெருவில் பாதிப் பேர் காலையில் சட்டை அயர்ன் பண்ணிக் கிளம்புவார்கள்.

சரி, எப்போது, யாரிடம் கேட்பது? ஏப்ரலில் கேளுங்கள், பட்ஜெட் போடுகிற நேரம். கம்பெனி தன் போர்டு ஒப்புக்கொண்ட திட்டங்களை வெப்சைட்டில் போட்டாக வேண்டும், வெப்சைட் இருந்தால். கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர் போர்ட்டலில் முந்தைய வருஷங்களில் எந்த மாநிலத்தில் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதும் இருக்கும். இரண்டையும் பிரிண்ட் எடுத்து, கல்லூரி ஃபீஸ் அட்டவணையையும் சேர்த்துப் பின் அடித்துக்கொண்டு போகிறேன் இப்போதெல்லாம். ரிசப்ஷனில் உட்கார வைத்துக் காபியும் கொடுக்கிறார்கள்.