வரம்பும் கட்டியமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வயது வரம்பு, வருமான வரம்பு, கால வரம்பு. அரச விண்ணப்பப் படிவம் எதை எடுத்தாலும் அதில் ஒரு வரம்பு இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் வயல் செய்கிறவரிடம் வரம்பு எது என்று கேட்டுப் பாருங்கள், தன் காலுக்குக் கீழே காட்டுவார். ஒரு வயலையும் அடுத்த வயலையும் பிரிக்கிற மண் அணைதான் வரம்பு. தமிழ்நாட்டில் வரப்பு என்பார்கள். மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு வக்கடை, அதாவது வரம்பில் வெட்டிவிட்ட வாய் வழியாகத்தான் போக வேண்டும். மாரியில் மழை கொட்டி, தண்ணீர் வரம்புக்கு மேலால் பாய்ந்தால் வரம்பும் கரையும், போட்ட பசளையும் அள்ளுண்டு போகும். பக்கத்து வயல்காரர் மண்வெட்டியால் வரம்பைச் சுரண்டிச் சுரண்டித் தன் பக்கத்தைப் பெருப்பிப்பதும் உண்டு. அந்தச் சண்டை, வயல் தண்ணீரைப் பார்க்கிற பொறுப்பாளரான வட்டவிதானையிடம் போய், அப்புறம் பொலிஸ் வரைக்கும் போகும். 'வரம்பு மீறாதே' என்று ஒருவர் கோபப்படும்போது இந்த இரண்டு வயிற்றெரிச்சலும் அதற்குள் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

வயலோடு வந்த இன்னொரு சொல் வேளாண்மை. 81ஆவது குறளில் வள்ளுவர் சொல்லும் வேளாண்மை, வந்த விருந்தினருக்குச் செய்கிற உபகாரம். பிறகு அது உழவுத் தொழிலுக்குப் பெயரானது. நாங்கள் இன்னும் ஒரு படி தாண்டிவிட்டோம். 'வேளாண்மை விளைஞ்சிட்டுது, வெட்ட ஆளில்லை' என்றால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அது வயலில் நிற்கிற நெல்தான். தொழிலின் பெயர் அந்தத் தொழிலால் விளைந்த பொருளுக்கு ஆகிவருவதை இலக்கண நூலான நன்னூல் ஆகுபெயரில் சேர்க்கிறது. நன்னூல் படிக்காதவர்களும் இதை அன்றாடம் சரியாகவே செய்கிறார்கள்.

சரி, வயலை விட்டுக் கூத்து ஆடுகிற களரிக்கு வருவோம். செய்தி வாசிப்பவர்கள் 'இது பெரிய மாற்றத்துக்குக் கட்டியம் கூறுகிறது' என்பார்கள். எங்கள் பக்கத்து மரபுக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரசன் கொலுவுக்கு வருமுன் கட்டியகாரன் வந்து ஆடிப் பாடி, ராஜா வருகிறார் என்று சபைக்கு அறிவிப்பான். ராஜா இன்னும் உள்ளேதான் நிற்பார். வரப்போகிறதை முன்கூட்டிச் சொல்வது என்ற பொருள் அங்கிருந்து வந்தது. பின்பாட்டுப் பாடுவதும் களரிக்குப் பழக்கமானதுதான். ஆடுபவர் பாடிய வரியை எடுத்துப் பிற்பாட்டுக்காரர்கள் திரும்பப் பாடுவார்கள். ஒத்து ஊதுவது மட்டும் கோயில் மேளத்தில் இருந்து வந்தது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் குழல்தான் ஒத்து. இப்போது அந்த இடத்தில் சுருதிப்பெட்டி இருக்கிறது, ஆனாலும் அரசியல்வாதிக்கு ஒத்து ஊதுகிறவர்கள் குறையவில்லை.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கொள்ளைச் சம்பவம் அரங்கேறியது' என்று எழுதுகிறார்கள். ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிய சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கி, சதங்கை அணிவித்து, அதன் பிறகுதான் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் கூத்தை அரங்கேற்றுவார். திருடனுக்கு ஏன் இந்த மரியாதை?

சொல்லின் மூலத்தைத் தேடுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்ற பழமொழி, சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்பதன் திரிபு என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. சஷ்டி விரதம் நல்ல விரதம், தாராளமாக இருங்கள். ஆனால் சிரட்டை அகப்பையால் கறி அள்ளியவர்களுக்கு அந்த விளக்கம் எதற்கு? ஒரு விளக்கம் சரியா என்று பார்க்க, அந்தப் பழமொழியை ஆட்கள் எப்போது சொல்கிறார்கள் என்று கவனித்தால் போதும். மாதக் கடைசியில் பிள்ளை காசு கேட்கும்போது அம்மா இதைத்தான் சொல்வார். அங்கே கருப்பைக்கு என்ன வேலை?

வணக்கம்.