வெற்றிடத்துக்கு யார் பொறுப்பு?

(வன்னிக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில், சுகாதாரக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். மழை இருட்டுகிறது, மாடுகள் பட்டிக்கு வரும் நேரமும் ஆகிவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக் கதைக்கு வருகிறேன்.

நம்மூர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வைத்தியர் இல்லாமல் ஒன்பது மாதம். கட்டடத்துக்குப் புதுப் பெயின்ற், வாசலில் மூன்று மொழியிலும் பலகை. கிழமையில் இரண்டு நாள் பக்கத்து ஊர் வைத்தியர் வந்து போகிறார். மற்ற நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டோ பிடித்து ஏ-9 வீதிக்கு ஓட வேண்டியதுதான். போன செவ்வாய் ஒரு அம்மா கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, வாசல் படியில் பதினொரு மணி மட்டும் இருந்தார். பிறகு எழும்பிப் போனார். பிரசர் மருந்து முடிந்து மூன்று நாளாம்.

சரி, யாரைக் கேட்பது? அங்கேதான் சிக்கல். 1987இல் வந்த, மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு நம்முடையது போன்ற பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கைக்கு வந்தன. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சோடு நிற்கிறது. ஆனால் நம்முடையது போன்ற ஆஸ்பத்திரிக்கும் வைத்தியரை நியமிப்பதும் வருடாந்த இடமாற்றம் போடுவதும் கொழும்பு. ஓர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் என்ற ஆளணிக்கு அனுமதி கொடுப்பது திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம். மருந்து கொழும்பு மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து வர வேண்டும். கூரை ஒழுகினால் மட்டும் மாகாணம். ஆக, நோயாளி ஒருவர், அவருக்குப் பொறுப்பான வாசல் நாலு.

அந்த மாகாணத்திலாவது பதில் சொல்ல ஆள் உண்டா? 2013 செப்டெம்பரில் வட மாகாண சபைக்கு முதல் தடவையாக வாக்களித்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் வைக்கவில்லை. ஜனாதிபதி நியமித்த ஆளுநர்தான் நிர்வாகத்தை நடத்தினார். ஆளுநர் நல்லவரோ கெட்டவரோ, நம்மிடம் வாக்குக் கேட்டு வரப்போவதில்லை.

என் பழைய பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர்ச் சங்கம் வைத்தியர் கேட்டுக் கடிதம் போட்டது. நான் அதன் மேல் ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி தட்டச்சு செய்து மேலே அனுப்பினேன். மேலே இருந்தவரும் அதே வரியைப் போட்டார். ஏழு மாதம் கழித்து அந்தக் கடிதம், ஒன்பது சீல்களோடு, அதே ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தது: ‘இது தொடர்பாக அறிக்கை தருக.’ அறிக்கை தர வேண்டிய வைத்தியர்தானே அங்கே இல்லை! கந்தோரில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இந்த மண்ணில் சுகாதார வேலை நடக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள். மலேரியாவில் நடுங்காத வீடு வன்னியில் இருந்ததா? 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேலாக இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு சான்றிதழே தந்தது. எப்படி முடிந்தது? மருந்து, நுளம்புவலை எல்லாம் உண்டு. அதோடு, காய்ச்சல்காரரின் விரலில் குத்தி எடுத்த இரத்தத் துளி கண்ணாடித் தகட்டில் இலக்கத்தோடு போனது. யாருடையது, எந்த ஊர் என்று கொப்பியில் இருந்தது. ஒரு நோயாளி அகப்பட்டால் அவர் வீடு வரை தேடிப் போனார்கள். வைத்தியர் வெற்றிடத்துக்கு அப்படியொரு கொப்பி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அதைக் கேட்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழிலேயே எழுதலாம். கோரிக்கையைத் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் துண்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒரு கந்தோர்க்காரன் யோசனை: ‘ஏன் வைத்தியர் இல்லை’ என்று எழுதாதீர்கள். அதற்கு நாட்டு நிலைமை பற்றி ஒரு கட்டுரை வரும். இப்படிக் கேளுங்கள்: இந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை? இன்று கடமையில் எத்தனை பேர்? வெற்றிடத்தை எந்தத் திகதியில், யாருக்கு அறிவித்தீர்கள்? அந்தக் கடிதத்தின் பிரதியையும் வந்த பதிலின் பிரதியையும் தாருங்கள். கடிதமே போகவில்லை என்றால் பிழை இங்கே. போய்ப் பதில் வரவில்லை என்றால் பிழை கொழும்பில். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்ற உறுப்பினரிடம் போனால், ‘பார்க்கிறேன்’ என்று தோளில் தட்டி அனுப்புவது அவருக்குக் கொஞ்சம் கஷ்டம்.

அப்புறம், நம் ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸியோடு சண்டைக்குப் போகாதீர்கள். இருக்கிறது அந்த ஒரு பிள்ளைதான். மருந்துக் குளிசை எண்ணுவதும் அவள், காயம் கட்டுவதும் அவள், நம் ஏச்சு வாங்குவதும் அவள்.

கோரிக்கைக் கடிதம் மேசையில் இருக்கிறது, நாலு கேள்வியும் எழுதியாயிற்று. வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள். வாசிக்கச் சிரமமானவர்கள் என்னிடம் வாருங்கள், கண்ணாடி கொண்டு வந்திருக்கிறேன், சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். திங்கள் காலை முதல் பஸ்ஸில் கொண்டுபோகிறோம். என்னோடு வர இன்னும் இரண்டு பேர் வேண்டும்.