உரை சொல்வது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலுக்கு எழுதிய உரையில், அதாவது பொருள் விளக்கத்தில், நம் மதுரையைப் பற்றி ஒரு கதை வருகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் ஓய்ந்த பிறகு, ஆலவாய் எனப்படும் மதுரைக் கோயில் இறைவன், காதல் வாழ்வைப் பாடும் அகப்பொருளுக்கு இலக்கணமாக 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிப் பீடத்தின் கீழ் இட்டானாம். நூல் கிடைத்தது, பொருள் விளங்கவில்லை. புலவர்கள் ஆளுக்கோர் உரை சொன்னார்கள். எது மெய்யுரை என்று முடிவு காட்டியவன் உருத்திரசன்மன், ஐந்து வயது ஊமைச் சிறுவன். மருதனிளநாகனார் உரைக்குச் சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் மெய்சிலிர்த்தான்.

கதைதான். ஆனாலும், உரையின் தரத்தைக் கேட்பவரே உணர்த்த வேண்டும் என்று எண்ணியவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளிடம் ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ குறளுக்குப் பொருள் கேளுங்கள். கைடில் உள்ளதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். சிலர் மாந்தர் என்பதை மக்கள் என்றும், கேணியைக் கிணறு என்றும் மாற்றுவார்கள். இரண்டும் உரை ஆகா. கோடையில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டுவதைக் கண்ட பிள்ளை, “கொஞ்சம் தோண்டினால் கொஞ்சம் ஊறும், ஆழமாகத் தோண்டினால் நிறைய ஊறும், படிப்பும் அப்படித்தான் ஐயா” என்று சொன்னால், அதுவே உரை. அந்த விடைக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு.

பாட்டுக்கு மட்டுமா உரை வேண்டும்? உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிக்கு நிலம் பற்றி ஒரு நோட்டீஸ் வருகிறது. ‘மேற்படி மனுதாரர்’, ‘ஆட்சேபணை ஏதுமிருப்பின்’ என்று நீளும் அந்த வாக்கியத்தைப் படித்த பிள்ளை அவருக்குப் பிரித்துச் சொல்ல வேண்டும்: “உங்கள் நிலத்துக்கு வேறொருவர் பட்டா கேட்கிறார். மறுப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள்.” கடினமான சொற்களைத் தாராளமாக மாற்றலாம். சர்வே எண், கெடு தேதி, தொகை ஆகியவற்றை மட்டும் தாளில் உள்ளபடியே படித்துக் காட்டுங்கள். ‘இருப்பின்’ என்ற நிபந்தனையையும் விழுங்கிவிடாதீர்கள். முடித்ததும், “என்ன விளங்கியது, நீங்கள் சொல்லுங்கள்” என்று அவரையே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். எங்கேயாவது அவர் தடுமாறினால் அந்த இடத்தை மறுபடி எடுத்துச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.