வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது குறித்து

அவையோருக்கு வணக்கம்.

காப்பகத்துக்கு வருகிறவர்களில் பலர் உள்ளே நுழைந்ததும் கேட்பது, "குட்டி இருக்கிறதா?" என்பதுதான். நான்கு வயது நாயைக் காட்டினால், "இனிமேல் நம்மிடம் ஒட்டுமா?" என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஆதாரம் குறைவு என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

வளர்ந்த நாய்கள் காப்பகத்துக்கு எப்படி வந்து சேர்கின்றன? 1964இல் சென்னையில் புளூ கிராஸ் என்ற விலங்குநல அமைப்பு தெருநாய்களுக்காகத் தொடங்கிய, 1996இல் மாநகராட்சியும் ஏற்றுக்கொண்ட கருத்தடைத் திட்டம், பின்னர் 2001இல் நாடு முழுமைக்குமான விதியாயிற்று. இன்று நடப்பிலுள்ள 2023ஆம் ஆண்டு விதிகளின்படியும், தெருநாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் பொதுவான முறை. ஆகவே காப்பகத்திலேயே தங்கிவிடும் பெரிய நாய்களுள் பல, விபத்தில் கால் இழந்தவை, பார்வை போனவை, அல்லது வீடு மாறும்போதும் வெளிநாடு செல்லும்போதும் மனிதர்கள் கைவிட்டுப் போனவை. அப்படிக் கைவிட்டுப் பட்டினி போடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அச்சட்டம் எழுதி வைத்திருக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட அது இன்று காணாது.

குட்டி என்னவாக வளரும் என்பது ஊகம். கலப்பினக் குட்டி எவ்வளவு உயரம் வரும் என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த நாயோ தன் உருவத்தையும் பெருமளவு தன் குணத்தையும் வெளியே காட்டி நிற்கிறது. குழந்தைகளைக் கண்டால் ஒதுங்குமா, சோற்றுத் தட்டருகே கை போனால் உறுமுமா, மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா என்பதை அன்றாடம் சோறு வைக்கும் ஊழியரிடம் கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பயிற்சியைப் பொறுத்தவரை, எந்த வயதிலும் நாய் கற்றுக்கொள்ளும்.

ஆனால் கூண்டுக்குள் பார்த்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்து நாய்கள் குரைக்கும் இடத்தில் அமைதியான நாயும் கம்பியில் பாயும். துடிப்பான நாயும் மூலையில் முடங்கும். வெளியே கூட்டிச்சென்று நடக்க வைத்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள், ஏனெனில் பகலெல்லாம் அதனோடு இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தாம். தடுப்பூசி அட்டையை வாங்கிக்கொள்வதோடு, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

முதல் சில நாட்கள்தாம் கடினமானவை. பயந்த நாய் பின்னோக்கி இழுக்கும்போது கழுத்துப்பட்டை தலை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். அடுத்த நொடி அது சாலையில் இருக்கும். எனவே வண்டியிலிருந்து இறக்கும்போது, உடம்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸும் இருக்கட்டும், வெளிக்கதவும் பூட்டியிருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அது கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு ஒரு நாள் சாப்பிடாமலும் கிடக்கலாம். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். தண்ணீரையும், காப்பகத்தில் தின்று பழகிய அதே உணவையும் அருகில் வைத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். உறவினரை அழைத்துக் காட்டுவதைச் சில வாரங்கள் தள்ளிப்போடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தத்தெடுக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். அடங்கி ஒடுங்கியிருந்த நாய் சில வாரங்கள் கழித்துப் பால்காரரைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கினால், அது கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டைத் தன் வீடாக எண்ணத் தொடங்கியிருக்கலாம்.

வாடகை வீட்டார் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. அடுக்குமாடிச் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போடக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் சில நாய்கள் சில வீடுகளுக்குப் பொருந்தாமல் போவதுண்டு. அப்போது வேறு தெருவில் கொண்டுபோய் விடாமல், எடுத்த காப்பகத்திடமே ஒப்படைத்து, எதனால் ஒத்துவரவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பூனையைத் துரத்தியது என்று நீங்கள் சொன்னால்தான், அடுத்த முறை பூனையில்லாத வீட்டுக்கு அதை அனுப்புவார்கள்.