யாரும் கேட்காத ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன பங்குனியில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. என்னிடம் பாட்டுப் படிக்கிற பெண். கல்லூரியில் பி.ஏ. இசை இரண்டாம் ஆண்டு. இரணியலுக்குப் பக்கத்தில் வீடு. அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர், அத்தை வில்லை அடிக்கிற வீசுகோல் பிடித்துப் பாடுபவர். "டீச்சர், வர்ற செவ்வாக்கிழம கொடை இருக்கு. புதன்கிழம காலைல தியரி பரீட்ச. பாட்டி ஆஸ்பத்திரில கெடக்கா. இதுல நான் எத விடணும்?" என்று கேட்டாள். அழவில்லை. கடையில் விலை கேட்பதுபோல நிதானமாகக் கேட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவள் கேட்ட கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். குமரி மாவட்டத்தில் பாட்டு படிக்கிற பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

நம் மாவட்டத்தின் நாள்காட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பங்குனி, சித்திரையில் ஊர்த் தெய்வங்களின் கோவில் திருவிழாக்களான கொடைகள் தொடங்குகின்றன. இசக்கியம்மன், முத்தாரம்மன், சுடலைமாடன் என்று ஊருக்கு ஊர் வில்லிசை. விடியும்வரை கதை போகும். சரியாக அதே ஏப்ரலில்தான் கல்லூரியில் செமஸ்டர் தேர்வு. ஆடியில் மறுபடியும் கோவில்கள். புரட்டாசியில் நவராத்திரி, கொலு வைத்த வீடுகளில் பாட்டு. நவம்பரில் அடுத்த தேர்வு வரும்போது கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா வந்துவிடும். அதன் பிறகு கிறிஸ்துமஸ் கேரல், மார்கழியில் சுசீந்திரம். இதற்கிடையில் முகூர்த்த நாள்கள். ஒரே பிள்ளை தேவாலயப் பாடகர் குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் கச்சேரி மேடையிலும் பாடுவதை நம்மூரில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். தேவாலயத்துக் கீர்த்தனையும் பாமாலையும் கேட்டு வளர்ந்த காது சங்கராபரண ராகத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். இது நம் மண்ணுக்குக் கிடைத்த கொடுப்பினை என்றே நான் நினைக்கிறேன்.

மேடைகளைக் குறைத்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடை மாதங்களில் வருகிற பணம்தான் மழைக்காலத்தில் அந்த வீட்டுக்கு அரிசி. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், பரம்பரையாக வந்த கலை அது. அதே சமயம், பட்டம் எதற்கு, பாட்டு போதுமே என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. கொட்டாரத்தில் வாழ்ந்து 2018ஆம் ஆண்டு மறைந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மாவை உங்களில் பலர் நேரில் கேட்டிருப்பீர்கள். சிறுமியாக இருக்கும்போதே வில்லின் முன்னால் உட்கார்ந்தவர். எத்தனை ஊர்களை விடியவிடிய விழித்திருக்க வைத்த குரல்! கடைசிக் காலத்தில் அவர் வறுமையில்தான் இருந்தார். மாதச் சம்பளம் வருகிற ஒரு வேலைக்கு வழி திறக்கிற படிப்பு, கலைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

அப்படியானால் எதை விடுவது? நான் பதில் சொல்லாமல், தினமும் தனியாக உட்கார்ந்து செய்கிற பாட்டுப் பயிற்சியான சாதகத்தைப் பற்றி அவளிடம் ஒன்று கேட்டேன். "சாதகம் எப்ப பண்ணுற மக்களே?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள், "மாசி கழிஞ்சு பண்ணவே இல்ல டீச்சர்."

எதை விடுவது என்று அவள் கேட்பதற்கு முன்பே ஒன்றை விட்டாகிவிட்டது. விட்டது அவளுக்கே தெரியவில்லை. கல்லூரிக்குப் போகாவிட்டால் 75 சதவீத வருகை எங்கே என்று கேட்பார்கள். மேடைக்குப் போகாவிட்டால் கோவில் கமிட்டிக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள். வீட்டில் ஒரு வேலையைச் செய்யாவிட்டால் அம்மா கேட்பாள். இன்று ஏன் ஒரு மணி நேரம் 'ஆ' என்று இழுத்து அகாரம் பாடவில்லை என்று கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? கேட்க ஆள் இல்லாததால் அதுதான் முதலில் போகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு மேடை பெருமையாகத் தெரிகிறது, பரீட்சை கடமையாகத் தெரிகிறது. ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை மட்டும் சும்மா இருப்பதாகத் தோன்றுகிறது. "சும்மாதான இருக்க, இந்த மாவ கொஞ்சம் கரச்சு வையேன்" என்று கதவைத் திறந்து சொல்லிவிடுகிறோம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போய்வந்து இசை படித்தவள். 1979இல் கன்னியாகுமரி - திருவனந்தபுரம் ரயில் பாதை வந்தது. அதற்குப் பத்து வருடம் கழித்துப் படித்த எனக்கு அது பெரிய வரம். இரணியலில் காலை பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் அதுதான் என் படிப்பறை. பாறசாலை வருவதற்குள் சுத்த மத்திம மேளம் முப்பத்தாறு, திருவனந்தபுரம் சேர்வதற்குள் பிரதி மத்திமம் முப்பத்தாறு என்று கணக்கு வைத்து 72 மேளகர்த்தா என்கிற தாய் ராகங்களையும் மனப்பாடம் செய்தேன். ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கி, அது எத்தனையாவது மேளம் என்று கண்டுபிடிக்கிற கடபயாதி சங்கியை எனக்கு ஜன்னலோரத்தில்தான் புரிந்தது. பிள்ளைகள் முதலில் கற்கிற மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். 'மா' ஐந்து, 'யா' ஒன்று. ஐம்பத்தொன்றைத் திருப்பிப் போட்டால் பதினைந்து, அது பதினைந்தாவது மேளம். தீரசங்கராபரணத்தில் 'தீ' ஒன்பது, 'ர' இரண்டு, திருப்பினால் இருபத்தொன்பது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே போவேன். எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காமார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது பிள்ளைகளின் போனில் பாடக்குறிப்பு எல்லாம் இருக்கிறது. பயண நேரம் தியரிக்கு நல்ல நேரம், அதை ரீல்ஸுக்குக் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சாதகம் ரயிலில் நடக்காது. அது வீட்டில்தான். என் அம்மைக்குப் பாட்டு தெரியாது. ஆனால் அதிகாலையில் நான் தம்பூராவை எடுத்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் அவள் உரலில் கை வைக்க மாட்டாள், கிணற்றில் வாளியைப் போட மாட்டாள். முற்றத்தில் சத்தம் வராத வேலையாகப் பார்த்துச் செய்வாள். நான் வேகமான மூன்றாம் காலம் பாடி முடித்து எழுந்த பிறகுதான் உலக்கைச் சத்தம் கேட்கும். நான் பாடுகிறபோது அவள் சத்தத்தை அடக்கி வைத்திருந்தாள் என்பது, எனக்கே ஒரு பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது.

அவ்வளவு செய்த அம்மையையும் மூன்றாம் வருடம் நான் ஏமாற்றினேன். மேடை மோகம். கல்யாண வரவேற்பு, கோவில், சங்க விழா என்று அழைத்த இடமெல்லாம் போனேன். தினமும் பாடிக்கொண்டுதானே இருக்கிறோம், தனியாகச் சாதகம் எதற்கு என்று விட்டுவிட்டேன். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் தொடர்ந்து ஆறு இரவு நிகழ்ச்சி. ஏழாம் நாள் தேர்வாளர்கள் தோடி ராகத்தில் ஆலாபனை கேட்டார்கள். மேல் ஸட்ஜத்துக்குக் குரல் ஏறவில்லை, காற்றுதான் வந்தது. தொண்டையாவது நான்கு நாளில் சரியாகிவிட்டது. அதைவிட வேதனையான ஒன்றை அன்று பார்த்தேன். குரல் எட்டிய இடத்தில்கூட என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. ஆறு மாதமாகப் பாடிய அதே பத்துப் பாட்டில் வருகிற சங்கதிகளைத்தான் திரும்பத் திரும்பப் பாடினேன். மேடையில் நமக்கு வருவதைத்தான் பாடுவோம், கூட்டத்துக்கு முன்னால் தப்புச் செய்துபார்க்க யாருக்கும் துணிச்சல் வராது. வராத பிடியை நூறு தடவை தப்பாகப் பாடிப் பார்க்கச் சாதக அறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

ரயில் தாண்டிப் போகும் அந்தப் பாறசாலையில் 1924இல் பிறந்தவர் கர்நாடக இசைப் பாடகி பொன்னம்மாள். திருவனந்தபுரத்தில் இசைக் கல்லூரி தொடங்கிய புதிதில் அங்கே சேர்ந்த முதல் மாணவி. பிறகு இசை ஆசிரியரானார், கல்லூரி முதல்வரும் ஆனார். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், குமாரகோவிலிலிருந்து வேளிமலை முருகனும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருள்வது நமக்கெல்லாம் தெரியும். அங்கே நவராத்திரி மண்டபத்தில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் நவராத்திரி கீர்த்தனைகள் ஒன்பது மாலைகளில் பாடப்படும். முதல் நாள் சங்கராபரணம், கடைசி நாள் ஆரபி. அந்த மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கமே இல்லை. 2006இல்தான் அந்தக் கதவு திறந்தது. முதலில் பாடியவர் பொன்னம்மாள். எண்பது வயதைத் தாண்டியிருந்தார்.

அந்தச் செய்தி வந்த நாளில் நான் திரும்பத் திரும்ப நினைத்தது ஒன்றைத்தான். இளம் பெண்ணாகக் கல்லூரியில் கால் வைத்ததிலிருந்து அந்த மேடைக்கு அழைப்பு வர அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மற்ற மேடைகளில் பாடினார், எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தார். அழைப்பு வந்த நாளில் பாடுவதற்குக் குரல் இருந்ததே! எத்தனை விடியற்காலைகள் அதற்குப் பின்னால் இருந்திருக்கும்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. வீணைக்குத் தந்தி அறுந்தால் மாற்றலாம், இதை மாற்ற முடியாது. இரவெல்லாம் பாடிவிட்டு உறங்காமல் வகுப்புக்குப் போய் உட்காருவதை வீரம் என்று நினைக்காதீர்கள், உறக்கம்தான் குரலுக்குச் சாப்பாடு. தொண்டை கட்டிக்கொண்டால் பேசாமல் இருங்கள். குசுகுசுவென்று பேசினால் குரல் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் தொண்டையை வருத்தத்தான் செய்யும். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் மூன்று வாரம் தாண்டியும் குரல் கரகரப்பாகவே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மணி நேரம். காலையோ மாலையோ, உங்கள் வீட்டுக்கு எது வசதியோ அது. அந்த நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள், கடைக்கு அனுப்பாதீர்கள், விருந்தாளி வந்தாலும் கூப்பிடாதீர்கள். பையன்களுக்கு இது ஓரளவு கிடைத்துவிடுகிறது. நாதஸ்வரம் படிக்கிற பையன் வாசிக்க உட்கார்ந்தால் வீடே ஒதுங்கிக்கொள்ளும். பெண் பிள்ளை பாட உட்கார்ந்தால் அடுப்பு கூப்பிடுகிறது. பாட்டியைப் பார்த்துக்கொள்வதும் தம்பிக்குச் சோறு போடுவதும் அவளுடைய தனி வேலையா? வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோமோ அத்தனை பேருடைய வேலையும்தானே. கல்லூரி ஆசிரியர்களும், கொடைக்குப் போய்வந்த பிள்ளையிடம் விடுப்புக் கடிதம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அன்று வலத்தே இருந்து கதை பாடியவர் என்ன ராகச் சாயலில் பாடினார், இடத்தே இருந்த பின்பாட்டுக்காரர்கள் அதை எப்படி வாங்கிப் பாடினார்கள் என்று வகுப்பில் சொல்லவைக்கலாம். நல்ல பாடம் அது.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அவளுடைய அப்பாவிடம் பேசினேன். நல்ல மனிதர், நான் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் பாட்டியோடு இரண்டு இரவும் அண்ணன் இருந்தான். அதுவரை அவனிடம் யாரும் கேட்கவே இல்லையாம். கொடையில் காப்புப் பாட்டும் கதையின் முதல் பகுதியும் இவள் பாடினாள். பதினொரு மணிக்கு அத்தை வீசுகோலை வாங்கிக்கொண்டு, "மிச்சக் கதைய நான் கொண்டு போறேன், நீ போய்ப் படு" என்று அனுப்பிவிட்டாள். பக்கத்திலேயே சொந்தக்காரர் வீடு. ஆறு மணி நேரம் உறங்கி எழுந்து பரீட்சைக்குப் போனாள். கடபயாதியில் ஒரு கேள்வி வந்ததாம், சந்தோஷமாகச் சொன்னாள்.

போன வாரம் காலை ஆறு மணிக்கு அவளிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது. போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அவ பாடிட்டு இருக்கா டீச்சர். ஒரு ஆறர மணி கழிஞ்சு விளிங்க."

நன்றி, வணக்கம்.