இதோ வந்துட்டேன், உட்காருங்க

நேயர்களுக்கு வணக்கம்.

இறந்துபோன ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் நாம் முதலில் என்ன எழுதுகிறோம்? 'அன்பானவர், பக்திமான், நல்ல குடும்பத் தலைவர், எல்லோரிடமும் சிரித்த முகத்தோடு பழகியவர்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த வரிகளை யாருடைய படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்திவிடும். என் அப்பா இறந்தபோது நானும் இதைத்தான் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் அதில் அப்பாவைக் காணோம்.

அப்பா சின்ன ஊரில் வாழ்ந்த சாதாரண மனிதர். காலையில் பிரார்த்தனை, அப்புறம் வேலை, சாயங்காலம் வீடு, பிள்ளைகள், வருகிறவர் போகிறவரோடு பேச்சு. பதவி கிடையாது, பட்டம் கிடையாது. சங்க காலத்தில் போரில் விழுந்த வீரனுக்குக் கல் நட்டார்கள். அதில் 'பெயரும் பீடும்' எழுதினார்கள் என்கிறது அகநானூறு. பீடு என்றால் பெருமை. பெயர் எல்லோருக்கும் இருக்கிறது. சாமி கும்பிட்டு, வேலைக்குப் போய், பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் போனவருக்குப் பீடு என்று எதை எழுதுவது? பல ஆண்டுகளாக என் மனதில் ஓடுகிற கேள்வி இது.

ஒரு கேசட்டைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன பிறகு ஒருநாள் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன், நான், தங்கை. அப்பா பிரார்த்தனையில் இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் என்ன செய்வார் என்று பேச்சு வந்தது. அண்ணன் சொன்னார், 'அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். வந்தவர் காத்திருப்பது அவருக்குப் பொறுக்காது.' தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. 'சொல்லிக்கொண்டிருக்கும் வரியை முடிக்காமல் எழ மாட்டார்' என்றாள். எனக்கோ அவர் கையை மட்டும் காட்டி உட்காரச் சொன்னதாக ஞாபகம். மூன்று பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், தினமும் பார்த்த காட்சி, மூன்று விதமாகச் சொல்கிறோம்!

தங்கைக்குப் பத்து வயதாக இருக்கும்போது பள்ளிப் போட்டிக்காக டேப் ரெக்கார்டரில் ஒரு பாட்டைப் பதிவு செய்து பழகுவாள். அந்தக் கேசட் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அவள் பாடிய பாட்டைக் கேட்கத்தான் போட்டோம். இரண்டாவது சரணம் வரும்போது பின்னால் முணுமுணுப்பு. அப்பா! பக்கத்து அறையில் அவருடைய காலைப் பிரார்த்தனை. கதவு தட்டுகிற சத்தம் கேட்கிறது. முணுமுணுப்பு நிற்கிறது. 'வாங்க வாங்க, உட்காருங்க, இதோ வந்துட்டேன்.' ஒரு செருமல். அப்புறம் மறுபடியும் பிரார்த்தனை. நடுவில் நிறுத்தினாரே, அந்த இடத்திலிருந்து அவர் தொடரவில்லை. அந்த வரியின் முதல் சொல்லுக்குப் போய், அங்கிருந்து சொல்கிறார்.

மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. அதை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம் என்று கணக்கில்லை. வந்தவரை வாசலில் நிற்கவைக்க மனம் வரவில்லை. கடவுளிடம் அரைகுறை வரியைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. இதைவிட அப்பாவைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் மூவரில் ஒருவருக்கும் இது ஞாபகத்தில் இல்லை, பார்த்தீர்களா?

ஞாபகம் அப்படித்தான். பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர், பழக்கமில்லாத நாட்டுப்புறக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டு அதைத் திருப்பிச் சொல்லவைத்தார். 1932இல் அதைப் பற்றி எழுதினார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது. புரியாத இடங்கள் உதிர்ந்தன. சொல்கிறவருக்குப் பழக்கமான விஷயங்கள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன. நம் வீட்டு மனிதர்களுக்கும் இதுதான் நடக்கிறது. சொல்லச் சொல்ல அப்பா 'நல்லவர்' ஆகிவிடுகிறார். அந்த ஒரு வரியைத் திரும்ப முதலிலிருந்து சொன்ன மனிதர் உதிர்ந்துவிடுகிறார்.

அதனால்தான் குரலைப் பதிவு செய்யுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். அடுத்த ஆண்டே அது எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் எழுதினார். குடும்பத்தினர் தங்கள் நினைவுகளைத் தங்கள் குரலிலேயே பதிந்துவைப்பது அதில் ஒன்று. இன்று அந்தக் கருவி எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற குரல் செய்தி இருக்கிறதே, 'சாப்பிட்டியா, எப்ப வர்றே' என்று, அதை அழிக்காதீர்கள். தனியாக எடுத்து இன்னொரு இடத்திலும் சேமித்துவையுங்கள். பழைய கேசட் இருந்தால் இந்த மாதமே கணினிக்கு மாற்றிவிடுங்கள். ஈரத்தில் கிடந்தால் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் கேட்க முடியாது.

குரல் பதிவு இல்லையா? சரி, தெரிந்தவர்களிடம் போய்க் கேளுங்கள். 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'நல்லவர்' என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். 'கோபம் வந்தால் என்ன செய்வார்? பிரார்த்தனை முடிந்ததும் முதலில் யாரைக் கூப்பிடுவார்? கடைசியாக உங்களிடம் என்ன பேசினார்?' இப்படிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நாம் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனம் எனக்கு இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல விஷயங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, 'என் பெயரை முழுசா கூப்பிடறது அவர் ஒருத்தர்தான்' என்றார். அதையும் குறித்துவைத்திருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. புகைப்படங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கேசட் கதை அந்த நேரத்தை எடுத்துக்கொண்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காகிதப் படமாக இருந்தால், மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்பக்கம் ஓரத்தில் பெயரை எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அதன் தடம் முன்பக்கம் தெரியும். 'அப்பா', 'மாமா' என்று எழுதினால் பேரப்பிள்ளைகளுக்கு யார் என்று தெரியாது, முழுப் பெயர் எழுதுங்கள். வீட்டில் வயதில் மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒட்டும் பசை உள்ள ஆல்பத்தில் பழைய படங்கள் இருந்தால், இழுத்துப் பிய்க்காமல், முதலில் அப்படியே பக்கத்தோடு ஒரு படம் எடுத்துவிட்டு, அப்புறம்... சரி, விளக்கு எரிகிறது. வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.