எழுதி வைத்திருக்கிறது, போய்ப் பார்க்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோ மருந்து டப்பாவோ இருந்தால் கையில் எடுங்கள். தயாரித்த தேதி, பேட்ச் எண், விலை எல்லாம் கறுப்பில் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கிறதா பாருங்கள். புள்ளி வைத்துவிட்டு இழை இழுக்க மறந்துபோன கோலம் மாதிரி இருக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் காற்றில் பறந்து வந்து உட்கார்ந்த ஒரு மைத்துளி. பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், எழுதுகிற கருவி அதைத் தொடவே தொடாது. இதற்குப் பெயர்தான் இங்க்ஜெட். உங்கள் வீட்டுப் பிரிண்டரும் இதே வம்சம்தான்.

நான் ஒரு சின்ன ஊரில் இருபத்தேழு வருடமாக ஜெராக்ஸ் கடையும் பிரிண்டர் சர்வீஸும் நடத்துகிறேன். பிரிண்டரைக் கழற்றி மாட்டுவது தொழில். பேட்டன்ட் படிப்பது ஆசை. காப்புரிமை என்று தமிழில் சொல்கிறோமே, அதுதான். இதெல்லாம் வக்கீல்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் உள்ள சமாசாரம் என்று ரொம்பப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

பேட்டன்ட் என்ற சொல்லுக்கே 'திறந்தது' என்றுதான் பொருள், லத்தீனில் இருந்து வந்தது. அந்தக் காலத்து அரசர்கள், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று மடித்து ஒட்டாமல் கொடுத்த கடிதத்துக்கு அந்தப் பெயர். இன்றைக்கும் ஏற்பாடு அதேதான். நீ கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடு, இருபது வருடம் அது உனக்கு மட்டும் என்று அரசாங்கம் சொல்கிறது. இருபது வருடம் முடிந்தால் ஊருக்கே சொந்தம். அதனால்தான் சொல்கிறேன், எழுதி வைத்திருக்கிறது, போய்ப் பார்க்கலாம். காசு கிடையாது. கூகுள் பேட்டன்ட்ஸில் எண்ணைத் தட்டினால் வெளிநாட்டு ஆவணம்கூட முழுதாக வந்து நிற்கும்.

நான் இதில் இறங்கியது ஒரு அடைப்பினால். அப்போதெல்லாம் மாதத்துக்குப் பத்துப் பிரிண்டராவது 'ஹெட் அடைத்துக்கொண்டது' என்று வரும். மையைத் தெளிக்கிற பகுதிக்குத்தான் ஹெட் என்று பெயர். வெள்ளை டிஷ்யூவை நனைத்து ஹெட்டின் அடியில் ஒற்றி எடுத்தால் நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் ஒழுங்கான மூன்று கோடாக விழவேண்டும். எங்கே கோடு அறுந்திருக்கிறதோ அங்கே மை காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏன் சிலருக்கு மட்டும் திரும்பத் திரும்பக் காய்கிறது என்று புரியவில்லை. கையேட்டில் பதில் இல்லை. பேட்டன்ட்டில் இருந்தது. ஹெட் வேலை முடிந்ததும் ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்கிறது, காற்றுப் படாமல் இருக்க. ஒரு ரப்பர் பட்டை அதன் வாயைத் துடைத்துவிடுகிறது. பிரிண்டரைப் போட்டதும் கொஞ்ச நேரம் தானாகக் கர்கர் என்று ஏதோ செய்யுமே, அது வாய் கொப்பளிப்பு. இது தெரிந்த பிறகு வாடிக்கையாளர்களைக் கேட்டேன். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சுவரில் இருக்கிற சுவிட்சைப் பட்டென்று அணைக்கிறவர்கள்தான் அடிக்கடி வந்தவர்கள்! ஹெட் மூடிக்குப் போய்ச் சேரவே இல்லை, வழியிலேயே வாயைத் திறந்தபடி நின்றுவிடுகிறது. தயவுசெய்து பிரிண்டரை அதன் பொத்தானில் அணையுங்கள், அப்புறம் சுவர் சுவிட்ச். நான் சொல்ல வந்ததில் வேறெதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

பேட்டன்ட்டை எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். கடைசியில் இருக்கிற கோரிக்கைப் பகுதி கரடுமுரடாக இருக்கும், அது வக்கீல் மொழி. ஆரம்பத்தில் 'பின்னணி' என்று ஒரு பகுதி வரும், அதைப் படியுங்கள். எனக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் எங்கெங்கே கோட்டை விட்டார்கள் என்று எழுதியவரே சொல்லுவார். மெக்கானிக்குக்கு அதைவிடப் பெரிய பொக்கிஷம் கிடையாது.

சரி, இங்க்ஜெட் கதைக்கு வருகிறேன். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். தண்ணீர் மேலே நூல் மாதிரி இறங்கும், கீழே வர வர முத்து முத்தாக உடையும். ஏன் உடைகிறது என்பதற்கு 1878-இல் ராலே பிரபு என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் அதற்கு முன்பே, 1867-இல், கடலடித் தந்தியில் வரும் மெல்லிய சைகையைப் பதிவு செய்ய, பேப்பரைத் தொடாமல் மையைச் சிந்துகிற ஒரு கருவிக்குக் கெல்வின் என்ற விஞ்ஞானி பேட்டன்ட் வாங்கிவிட்டார். பேனா பேப்பரில் உராய்ந்தால் அந்தச் சின்னச் சைகை செத்துப்போகும், அதுதான் காரணம்.

இதே காரணம் திரும்ப வருகிற இடம் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீடனில் ரூனே எல்ம்க்விஸ்ட் என்று ஒருவர். மருத்துவம் படித்தவர், ஆனால் கருவி செய்வதில்தான் மனசு. இதயத் துடிப்பை ஈசிஜியாக வரைகிற பேனா கனமாக இருக்கிறது, வேகமான துடிப்புக்கு ஈடுகொடுக்க மாட்டேன் என்கிறது. அவர் பேனாவையே எடுத்துவிட்டார். மயிர் மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாய், அதிலிருந்து பீய்ச்சி வருகிற மை, அதை அசைக்க ஒரு காந்தம். அமெரிக்கப் பேட்டன்ட் எண் 25,66,443, வருடம் 1951. அச்சுத் தொழிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நோயாளியின் நெஞ்சுக்கும் பேப்பருக்கும் நடுவில் இருந்த தடையைத்தான் எடுக்கப் பார்த்தார். இதே எல்ம்க்விஸ்ட்தான் 1958-இல் உடம்புக்குள் வைத்து இதயத்தை ஒழுங்காகத் துடிக்கவைக்கிற முதல் பேஸ்மேக்கரையும் செய்தார். பிசினை ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் ஊற்றி அதற்கு உறை வார்த்தார்கள்! அந்தக் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் அந்த நோயாளி, ஒன்று மாற்றி ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கரோடு 2001 வரை இருந்தார், எல்ம்க்விஸ்ட்டுக்குப் பிறகும் சில வருடம். என் கடைக்கு வருகிற சாதாரணப் பிரிண்டரைப் பார்க்கும்போதெல்லாம் இவர் ஞாபகம் வரும்.

அறுபதுகளில் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்டு ஸ்வீட் என்பவர், பீய்ச்சுகிற மையை ஒரே தாளத்தில் அதிரவைத்தால் துளிகள் எல்லாம் ஒரே அளவில் உடையும், ஒவ்வொன்றுக்கும் மின்னேற்றம் கொடுத்து வேண்டிய பக்கம் வளைக்கலாம், வேண்டாத துளியைப் பிடித்துத் தொட்டிக்கே அனுப்பிவிடலாம் என்று காட்டினார். உங்கள் கையில் இருக்கிற பாட்டில் தேதி அந்த வழியில் வந்ததுதான்.

வீட்டுப் பிரிண்டர் வேறு வழி. 1977-இல் டோக்கியோவில், கேனான் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ என்கிற பொறியாளரும் கூட இருந்தவர்களும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். மேசையில் மை நிரப்பிய சிரிஞ்சு. சூடான சால்டரிங் அயர்ன் தெரியாத்தனமாக அதன் ஊசியில் பட்டுவிடுகிறது. ஊசி முனையிலிருந்து மை சீறிக்கொண்டு தெறிக்கிறது. இதே மாதிரி நம் பட்டறையில் நடந்தால் 'பார்த்து வேலை செய்யப்பா' என்று சொல்லித் துணியால் துடைத்துவிடுவோம். அவர்கள் துடைக்கவில்லை, ஏன் தெறித்தது என்று கேட்டார்கள். சூட்டில் உள்ளே ஒரு குமிழி பிறக்கிறது, பிறந்த வேகத்தில் முன்னால் இருக்கிற மையைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அதே வருடம் அக்டோபரில் ஜப்பானில் விண்ணப்பித்துவிட்டார்கள். அடுத்த ஓரிரு வருடத்தில் கலிபோர்னியாவில் எச்பி கம்பெனியின் ஜான் வாட், காபி பெர்கோலேட்டரில் கொதிக்கும் தண்ணீர் பொங்கி ஏறுவதைப் பார்த்து அதே யோசனைக்கு வந்துசேர்ந்தார் என்று சொல்வார்கள். கடைசியில் இரண்டு கம்பெனியும் சண்டை போடாமல் ஒருவர் உரிமையை ஒருவர் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். 1984-இல் எச்பியின் திங்க்ஜெட் பிரிண்டர் வந்தது. பன்னிரண்டே துளை, 495 டாலர்.

இங்கேதான் பதிவேட்டின் அருமை தெரியும். இந்த இரண்டு பேருக்கும் முன்னால், 1965-லேயே, ஸ்பெரி ராண்ட் கம்பெனியைச் சேர்ந்த நைமன் என்பவர் பெயரில் ஒரு அமெரிக்கப் பேட்டன்ட் இருக்கிறது. 'திடீர் நீராவி அச்சுக் கருவி' என்று வைத்துக்கொள்ளுங்கள். மையைச் சட்டென்று ஆவியாக்கி அந்த விசையால் துளியைத் தள்ளுவதுதான் யோசனை. அந்தக் கம்பெனி அதைப் பொருளாகச் செய்து விற்கவே இல்லை. அப்போது அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்த நாளிலிருந்து பதினேழு வருடம்தான் ஆயுள், கூட்டிப் பாருங்கள், 1982. திங்க்ஜெட் கடைக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் அது ஊர்ச் சொத்தாகிவிட்டது. சால்டரிங் அயர்ன் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், நைமனைச் சொல்ல ஆள் இல்லை. பேப்பர் மட்டும் இருக்கிறது. எழுதி வைத்திருக்கிறது, போய்ப் பார்க்கலாம் என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் ரீஃபில். காலியான காட்ரிட்ஜில், அதாவது பிரிண்டரின் மை டப்பாவில், மை ஊற்றி விற்பது தப்பா என்று கடைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1997-இல், புது எச்பி காட்ரிட்ஜை வாங்கி, திரும்ப நிரப்புகிற மாதிரி மாற்றி விற்ற ஒரு கம்பெனியின் பக்கம் மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்றது. வாங்கியவன் பொருள், அவன் மாற்றிக்கொள்ளலாம் என்று. ஜப்பானில் 2007-இல் உச்ச நீதிமன்றம் கேனான் வழக்கில் வேறு மாதிரி சொன்னது. கழுவி, துளை போட்டு, நிரப்பி, திரும்ப மூடுவது புதிதாகச் செய்வதற்குச் சமம் என்று. எனக்கு அமெரிக்கத் தீர்ப்புதான் நியாயமாகப் படுகிறது, காசு கொடுத்து வாங்கிய டப்பா என்னுடையது. ஆனால் ஒன்று, பேட்டன்ட் வாங்கிய நாட்டில்தான் அதற்கு அதிகாரம். இந்தியாவில் வாங்கியிருக்கிறார்களா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டு வருகிறார்களா, இரண்டும் நம் பேட்டன்ட் அலுவலகத்தின் இணையதளத்தில் தெரியும். கட்டாமல் விட்டால் உரிமை போய்விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம். உரிமம் பெற்ற தொழில்காரர்களின் பதிவேடுகளைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவர், நிரப்பிய காட்ரிட்ஜிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு கிளிப் செய்தார், கைக்கு அடக்கமாக, நன்றாகவே இருந்தது. பேட்டன்ட் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். விசிட்டிங் கார்டு, முத்திரை எல்லாம் பளபளவென்று. 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ரசீதைக் கொடுத்தார். தம்பி அதை என்னிடம் கொண்டுவந்தார், விண்ணப்ப எண் ஒன்பது இலக்கம். நம் நாட்டில் இப்போது பன்னிரண்டு இலக்கம். முதல் நான்கு வருடம், ஐந்தாவது எந்த அலுவலகம் என்பது, சென்னை என்றால் 4. அங்கேயே எனக்குத் திக்கென்றது. பேட்டன்ட் ஏஜென்ட் என்றால் அறிவியலோ பொறியியலோ பட்டம் வாங்கி, அரசாங்கம் நடத்துகிற தேர்வில் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. தேடினோம், அந்தப் பெயர் இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கச் சொல்லித் தம்பிக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லையே என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

டாக்டருக்கும் இதேதான். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி, தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் அதைத் தேடலாம். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழில் பதினெட்டு இலக்கத்தில் யுடின் என்று ஒரு அடையாள எண் இருக்கும், அதையும் சரிபார்க்கலாம். வக்கீல், மருந்தாளுநர், கட்டட வரைபடம் போடுகிற ஆர்க்கிடெக்ட், எல்லோருக்கும் ஒரு பதிவேடு உண்டு. தொழில் செய்கிற உரிமையைக் கொடுத்த அரசாங்கம் பெயரை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைக்கிறது, பேட்டன்ட்டில் செய்கிற மாதிரியே. எண் என்ன என்று கேட்டால் முறையாகப் படித்தவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கூச்சப்படாமல் கேளுங்கள்.

தம்பி பிறகு தானே விண்ணப்பித்தார். தனிநபருக்கு இணைய வழியில் கட்டணம் 1,600 ரூபாய்தான். பின்னணிப் பகுதியை நாங்கள் இரண்டு பேரும் கடையை அடைத்த பிறகு உட்கார்ந்து எழுதினோம், நான்கு ராத்திரி ஆனது. விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதம் கழித்துத்தான் பேட்டன்ட் இதழில் வெளியாகும், அந்த இதழ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரும். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அவர் இப்போதிருந்தே வெள்ளிக்கிழமை தவறாமல் திறந்து பார்க்கிறார். நேரம் முடிந்தது என்று விளக்கைப் போட்டுவிட்டார்கள், வணக்கம்.